டியூப்பில் பாதிக் காற்று

திண்டிவனம் புறவழிச்சாலையில் லாரி டயர் என்றால் கோதண்டபாணிதான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். ஒரு கைப்பம்போடு மரத்தடியில் உட்கார்ந்தவருக்கு இன்று திண்டிவனத்தில் ஒரு கடை, விழுப்புரத்தில் ஒரு கடை. டயரை ஒரு தட்டுத் தட்டியே காற்றைச் சொல்லிவிடுவார். அரைக்காற்றோடு எந்த வண்டியும் அவர் கடையைத் தாண்டியதில்லை.

மகள் கலையரசிக்கு விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் வேலை. கண்ணுக்குத் தெரியாத குமிழிகளை அளப்பாள். உள்ளே வாயு, மேலே கொழுப்பால் ஆன மெல்லிய தோல். ஊசி வழியாக இரத்தத்தில் ஏற்றினால், இதயத்துக்குள் இரத்தம் ஓடுவதை ஸ்கேனில் பளிச்சென்று காட்டும். தோல் நைந்திருந்தால் வழியிலேயே உடைந்துவிடும். விறைத்திருந்தால் ஸ்கேனின் ஒலி அலைக்கு அசைந்து கொடுக்காது. அதனால் மயிரிழையைவிடச் சன்னமான கம்பியால் குமிழியை அழுத்தி, எவ்வளவு பள்ளம் விழுகிறது என்று பார்ப்பாள்.

"உம் பொண்ணும் காத்துலதான் பொழைக்கிதாமே?" என்று சீண்டினார் டீக்கடை பூமாலை.

"நான் காத்த வெச்சு லாரிய ஓட வெக்கறேன், அவ ஆஸ்பத்திரியவே ஓட வெக்கப்போறா. நீ டீய ஆத்து."

வாய் அப்படிப் பேசினாலும் மனசுக்குள் கலக்கம். ஆய்வுக்கூடம் நெடுஞ்சாலை ஓரம். லாரி போகும்போதெல்லாம் கம்பி அதிர்ந்து அளவு தாறுமாறாகிறது. வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து நிபுணர்கள் சோதித்துப் பார்க்க வருகிறார்கள். அளவு நிலையாக வராவிட்டால் வேலை மொத்தமும் பெங்களூருக்குப் போய்விடும்.

கம்பி பொருத்திய கருவியைக் கனமான கருங்கல் பலகையில் வைத்து, அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளப் பலகையை ஸ்கூட்டர் டியூப்கள்மேல் நிறுத்த வேண்டும் என்று கலையரசி யோசித்தாள். கடையில் வளர்ந்த பிள்ளையாயிற்றே! டியூப்களைக் கோதண்டபாணியே கொண்டுபோய்ப் பொருத்தினார். லாரி போனது. அளவு காட்டும் திரையில் கோடு பழையபடி துள்ளியது.

"எவ்ளோ காத்துப்பா வெச்ச?"

"செங்கல்லாட்டம் நிக்கும் கண்ணு. யாரு கை இது?"

"செங்கல்லாட்டம் நின்னா ரோட்டு அதிர்ச்சி அப்பிடியே ஏறிக்கினு வரும்பா. பாதிய எறக்கு."

"அரைக்காத்தா? பாக்கறவன் என்னா நெனைப்பான்?"

"ஜல்தியா எறக்குப்பா. நாளைக்கு வந்துடுவாங்க."

வாழ்நாளில் முதன்முறையாக, நல்ல டியூப்பிலிருந்து தன் கையாலேயே காற்றைப் பிடுங்கினார். பலகை தொய்ந்து இறங்கியது. அதைப் பார்க்க அவருக்கே கூச்சமாக இருந்தது. கரும்பு லாரி ஒன்று தடதடத்துப் போனது. கோடு அசையவில்லை.

மறுநாள் நிபுணர்கள் முன்னால் கலையரசி குமிழி குமிழியாக அழுத்திக் காட்டினாள். மூலையில் நின்ற கோதண்டபாணியின் கண் அந்தத் தொய்ந்த டியூப்களிலேயே இருந்தது. கை பம்பைத் தேடியது. அடக்கிக்கொண்டார். அளவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவந்தன. வேலை விழுப்புரத்திலேயே நின்றது.

சாயங்காலம் டீக்கடையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

"யோவ் பூமாலை, முழுக்காத்து எவன் வேணா அடிப்பான். அரைக்காத்து வெக்கறதுக்கு இந்த ஜில்லாவுல நான் ஒருத்தன்தான்."

"யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"எம் பொண்ணு," என்றார், முன்னைவிடச் சத்தமாக.