புகையில்லையா, புகையிலையா?

போன வருடம் அக்னி நட்சத்திரம் முடிந்தும் வெயில் விடாமல் காய்ந்துகொண்டிருந்த ஜூன் மாதம் அது. ஆவடிக்குப் பக்கத்தில் கோவில்பதாகையில் எங்கள் வீடு. வாசலில் நிற்கும் எங்கள் காருக்குள் ஒருநாள் திடீரென்று பீடி, சிகரெட் மாதிரி ஒரு நெடி அடித்தது. இதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வீட்டில் அது சாதாரண விஷயம் இல்லை.

காரணம் என் கணவர். அந்தச் சித்திரையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கப் பயந்து நான்தான் காரில் போட்டுக்கொண்டு அம்பத்தூருக்கு ஓட்டினேன். இன்னும் தாமதமாகியிருந்தால் கஷ்டம் என்றார்கள். ஸ்டென்ட் வைத்து அனுப்பும்போது டாக்டர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார், இனி இவர் சிகரெட்டைத் தொட்டால் என்னிடம் கூட்டி வராதீர்கள் என்று. இவரும் என் தலையில் கை வைக்காத குறையாகச் சத்தியம் செய்தார்.

அந்தப் பயணத்தில் எனக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் நடந்தது. எங்களுடையது சின்ன வண்டிதான், ஆனால் டர்போ எஞ்சின். ஆசைப்பட்டு நான் வாங்கியது. சாதாரணமாக ஆக்ஸிலேட்டரைத் தொட்டால் பாயும். அன்று திருமுல்லைவாயல் நெரிசலில் உச்சி வெயிலில் ஏ.சி.யோடு ஊர்ந்து, வழி கிடைத்ததும் அழுத்தினால், வண்டி இழுக்கவில்லை. டர்போ காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். அமுக்கினால் காற்று சூடாகும். அதைக் குளிர வைக்க முன்பக்கம் ரேடியேட்டர் மாதிரி ஒரு இன்டர்கூலர் இருக்கும். கம்பெனி கொடுத்தது சின்னது; சென்னை வெயிலில் அதுவே கொதித்துப்போய்விடும். பக்கத்து சீட்டில் இவர் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருக்க, காலால் மிதித்து மிதித்து நான் அழுததை இவர்கூடக் கவனிக்கவில்லை.

இவர் தேறியதும் முதல் வேலையாக, அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் இந்த மாதிரி வண்டிகளுக்கென்றே பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பியிடம் காரை விட்டேன். பெரிய இன்டர்கூலராக மாட்டி, அதற்கேற்ற மாதிரி எஞ்சின் கம்ப்யூட்டரையும் டியூனிங் செய்து கொடுத்தார். ஏன் செய்கிறேன் என்று வீட்டில் நான் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை என்பதுதான் உண்மை.

என் மாமியார் சும்மா இருப்பாரா? பம்பர் வழியாகப் பளபளவென்று தெரிந்த இன்டர்கூலரைக் குனிந்து பார்த்தார்.

“இன்னாடி இது, கிரில் கேட்டாட்டம் கீது? புள்ள ஆஸ்பத்திரிலேர்ந்து வந்து நாளாவல, உனுக்கு ரேஸ் வண்டி கேக்குதா?”

சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அந்த வாரம் தெருவே வேறொரு பேச்சில் இருந்தது. எதிர்வீட்டுக் கால்டாக்ஸிக்காரரின் வண்டி காலையில் கிளம்பவில்லை. பக்கத்துக் காலிமனையிலிருந்து வந்த எலி ஒயரைக் கடித்துத் தின்றிருந்தது. அந்தக் கதையை மாமியார் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் காதில் வாங்கவில்லை.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். அளந்து பார்த்து, சந்தேகப்பட்டு, திருப்பி அனுப்புவதுதான் என் உத்தியோகம். வேலைக்கு மின்சார ரயில். கார் வீட்டிலேயே நிற்கும். அடுத்த ஞாயிறு வண்டியை எடுத்தபோதுதான் அந்த நெடி. இவர் பக்கம் திரும்பிப் பார்த்தேன். மனிதர் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். பூந்தமல்லி போகும் வழியில் அழுத்தினால் இன்னொரு அதிர்ச்சி. வண்டி கொஞ்ச தூரம் சீறிவிட்டு, யாரோ மூக்கைப் பொத்திய மாதிரி திணறியது. பழைய இன்டர்கூலரோடு இருந்ததைவிட மோசம்.

அன்றிலிருந்து எனக்கு இரண்டு குழப்பம். வண்டி ஏன் இழுக்கவில்லை? இவர் எப்போது இழுக்கிறார்?

கேட்டேன். இல்லவே இல்லை என்றார். சட்டையை மோந்து பார்த்தேன், ஒன்றும் இல்லை. அப்படியானால் காரில் உட்கார்ந்து பிடித்துவிட்டுச் சட்டையை மாற்றுகிறாரோ? கொடியில் காயும் சட்டைகளை எண்ண ஆரம்பித்தேன். வெறும் வாயில் ஏலக்காய் மென்றால்கூட எதை மறைக்க என்று தோன்றியது. இவர் பாவம், இருமினால்கூட என் முகத்தைப் பார்த்துவிட்டு இருமினார்.

பட்டறைத் தம்பிக்கும் குழப்பம்தான். லேப்டாப்பை மாட்டிப் பார்த்துவிட்டு முதலில் பெட்ரோல் சரியில்லை என்றார். பெட்ரோல் மாற்றினோம். பிறகு சென்சார் என்றார். அதையும் துடைத்தோம். “டர்போ உயிரக் குட்த்து ஓடுதுக்கா. ஆனா காத்து பத்தல. எங்கியோ பைப்புல லீக்கு கீது” என்று கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். பம்பரைக் கழற்றி, பைப்புக்குள் புகையை ஏற்றினால் ஓட்டை இருக்கும் இடத்தில் புகை வெளியே வருமாம். அதற்கு ஸ்மோக் டெஸ்ட் என்று பெயர்.

இதை நான் போனில் பேசிக்கொண்டிருந்தபோது மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். “நாளைக்குப் புகை டெஸ்ட் பண்ணிடுங்க தம்பி, எங்கே வருதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்” என்று நான் சொன்னதைக் கேட்டதும் கீரைக் கட்டை அப்படியே வைத்துவிட்டார்.

“ஏம்மா, டெஸ்ட்டுலாம் எடுக்கறியே, அவன ஊதச் சொல்லுவாங்களா? நானும்தான் அவன் சட்டைய மோந்து பாத்தேன். ஒண்ணியும் இல்லியே.”

அப்போதுதான் தெரிந்தது, அந்தச் சட்டையை மோந்து பார்ப்பது நான் மட்டுமில்லை என்று. “காருக்குத்தான் அத்தை டெஸ்ட்” என்று சொல்லிச் சமாளித்தேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

மறுநாள் நான் கம்பெனியில் இருந்தேன். பின்னால் பிரஸ் மெஷின் இடித்துக்கொண்டிருக்க, தம்பி கூப்பிட்டார்.

“அக்கா, மேட்டரு கெட்ச்சிச்சு! பொகயிலக்கா!”

“புகை இல்லையா?”

“ஆமாங்க்கா, பொகயில!”

“புகை இல்லைன்னா லீக்கும் இல்லைன்னுதானே அர்த்தம்? அப்புறம் ஏம்பா வண்டி இழுக்கலை?”

“அத்தாங்க்கா சொல்றேன். பொகயிலதான் இழுக்க வுடல.”

“இல்லாத புகை எப்படிப்பா இழுக்க விடாமப் பண்ணும்?”

“அக்கா, நீ மொதல்ல போட்டோவப் பாரு” என்று வைத்துவிட்டார்.

அவர் அனுப்பிய போட்டோவைத் திறந்தேன். பட்டறை மேஜையில் சின்னச் சின்னத் துணி முடிச்சுகள், கறுப்புக் கயிற்றால் கட்டியவை. செய்வினையோ என்றுதான் முதலில் பயந்தேன். ஒரு முடிச்சு பிரிந்து கிடந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் உள்ளே காய்ந்த புகையிலை. புகையில்லை இல்லை, புகையிலை! பெரிய இன்டர்கூலருக்கு இடம் வேண்டும் என்று தம்பி காற்றுக் குழாயின் வாயை ஹெட்லைட்டுக்குப் பின்னால் திருப்பி வைத்திருக்கிறார். ஒரு முடிச்சு சரியாக அங்கேயே தொங்கியிருக்கிறது. அழுத்தும்போதெல்லாம் டர்போ உறிஞ்சுகிற வேகத்தில் அது போய் வாயை அடைத்துக்கொள்ளும். காலை எடுத்தால் விலகிப் பழையபடி தொங்கும். இன்னொன்று வைப்பருக்குக் கீழே, ஏ.சி.க்குக் காற்று போகிற வழியில். நெடி வந்தது அதிலிருந்துதான்.

வண்டிக் குழப்பம் தீர்ந்தது. மற்றது பூதாகாரமாகிவிட்டது. சிகரெட்டை விட்டவர் புகையிலைக்கு மாறிவிட்டாரா? எனக்குத் தெரியாமல் எஞ்சினுக்குள் ஒளித்து வைக்கிற அளவுக்கா? ரயிலில் நின்றுகொண்டே சண்டைக்கான வசனமெல்லாம் தயார் செய்துவிட்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை இவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். இவர் கண்ணாடி போட்டுப் பார்த்தார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“இது இன்னா, புகையிலையா? இதைப் போட்டா எனக்கு விக்கல்தான் வரும். நான் புடிச்சிகினு இருந்தது சிகரெட்டு. உனக்குத் தெரியாதா?”

“அப்போ இது தானா நடந்து வந்து எஞ்சின்ல ஏறிச்சா?”

போட்டோவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவர், மெல்லத் திரும்பி அடுப்பைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பால் பாத்திரத்தை இறக்க வைத்திருக்கும் பிடிதுணி. பச்சையில் வெள்ளைப் புள்ளி. மாமியாரின் பழைய புடவையைக் கிழித்தது. முடிச்சுகளும் அதே பச்சை, அதே புள்ளி.

மாமியார் சமையலறை வாசலில் நின்றிருந்தார்.

“நான்தான் வெச்சேன். எலிக்கு” என்றார். “பொகயில நாத்தத்துக்கு எலி அண்டாதாம், எதிர் ஊட்டு டாக்ஸிக்காரருதான் சொன்னாரு. அவருதான் பானெட்டத் தொறந்து குட்த்தாரு. நாலு மூலைக்கும் கட்டி வெச்சேன்.”

“ஏன் அத்தை, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“சொன்னா சிரிப்ப. எப்பப் பாரு அந்த வண்டியத் திட்டிகினே கீறேன், இப்ப இன்னா கரிசனம்னு கேப்ப.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அன்னிக்கி அந்த வண்டி இல்லன்னா எனுக்கு ஏதுடி புள்ள? அந்த டாக்ஸி கணக்கா, அவசரத்துக்கு நீ சாவியப் போட சொல்லோ அது கெளம்பலன்னா?”

அந்த இடத்திலேயே நானும் சொன்னேன். திருமுல்லைவாயலில் வண்டி இழுக்காமல் போனதை, நான் அழுததை, அதற்காகத்தான் இந்த இன்டர்கூலரும் டியூனிங்கும் என்பதை. மாமியார் வாயில் கை வைத்துக்கொண்டார். அப்படியானால் நாங்கள் இருவரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தோம். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மாமியார் என்னைப் பார்த்துச் சிரிக்க, நான் அவர் தோளில் சாய்ந்தேன்.

இவர் மட்டும் சிரிக்கவில்லை.

“ரெண்டு பேருமா சேர்ந்து, நல்லா ஓடுற வண்டிக்கு மூச்சு முட்ட வெச்சிட்டீங்க” என்றார். கொஞ்சம் நிறுத்திவிட்டு, “வண்டிக்கு மட்டுமா?” என்றார்.

அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன். களைத்துப்போன குரலில் சொன்னார். கொடியில் எண்ணிய சட்டைகள், மோந்து பார்த்த காலர், எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் இருமிய இருமல் எல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. மாமியாரும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாமல் நின்றோம்.

தம்பி காற்று வரும் வழிகளுக்கெல்லாம் எலி நுழையாத கம்பிவலை அடித்துக் கொடுத்தார். அடுத்த ஞாயிறு மூன்று பேருமாகக் கிளம்பினோம். வழி கிடைத்த இடத்தில் லேசாகத்தான் அழுத்தினேன். வெயிலில், ஏ.சி.யோடு, வண்டி தயங்காமல் பாய்ந்தது. பின்சீட்டில் மாமியார் கைப்பிடியை இறுக்கிக்கொண்டு “மெதுவாப் போடி, எலி ஒயரக் கட்ச்சி வெச்சிருக்கப் போவுது” என்று கத்தினார். இவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்தது. என் தலை தானாக அவர் பக்கம் திரும்பப் பார்த்தது. கண்ணை ரோட்டிலேயே வைத்துக்கொண்டேன்.

இன்றும் அவர் இருமும்போது எனக்கு உள்ளுக்குள் பகீர் என்கிறது. ஆனாலும் திரும்பிப் பார்ப்பதில்லை, நான் பார்க்கவில்லை என்று தெரிந்தால்தான் அவரால் நிம்மதியாக மூச்சு விட முடிகிறது.