மூன்றாம் தட்டை வாசித்தவன்

இந்த நாட்டில் இருமலுக்கும் ஒரு நேரம் உண்டு. இசைத்தட்டு சுழலும்போது இருமக்கூடாது. ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு இடையிலுள்ள சில விநாடிகளுக்குள் இருமி, செருமி, மூக்கையும் சீறி முடித்துவிட வேண்டும். முதல் தடவை பின்வரிசையில் இருந்து பதினொரு பேர் ஒரேயடியாக இருமியதைக் கேட்டபோது, ஏதோ தொற்றுநோய் என்று பயந்தே போனேன். பாட்டு நன்றாக இருந்தால் தலையாட்டுவதும் "ஆகா" போடுவதும் நமக்கு மரியாதை. இங்கே செத்த வீட்டில் இருப்பதுபோல் அசையாமல் இருப்பதுதான் மரியாதை. இவர்கள் ஜெர்மனியின் இந்தச் சிறுநகரத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் கூடுகிற "கேட்போர் வட்டம்". உலகமே அறிந்த பெரிய இசைமேதைகளை இவர்கள் சீண்டுவதில்லை. ஊரே மறந்துபோன ஜெர்மன் இசையாக்குநர்களின் கிடைத்தற்கரிய ஒலிப்பதிவுகளைத் தேடிக் கொண்டுவந்து, கேட்டு, பிறகு இரண்டு மணித்தியாலம் சண்டை பிடிப்பார்கள்.

நான் அந்தக் கட்டடத்தின் பராமரிப்பாளன். கதிரை போட்டுக் கொடுப்பது மட்டும்தான் என் வேலை. ஒருநாள் வட்டத்தின் தலைவர் ஹெர் ப்ரூக்கின் கசெற் பெட்டி நாடாவை இழுத்துத் தின்றுவிட்டது. மனிதர் கண் கலங்கி நின்றார். நான் ஒரு பென்சிலையும் சின்னத் திருப்புளியையும் எடுத்துப் பத்து நிமிடத்தில் நாடாவை மீட்டுக் கொடுத்தேன். "இதை எங்கே படித்தீர்கள், ஹெர் தவராசா?" என்றார். மட்டக்களப்பில் என்றேன். அது என்ன கல்லூரி என்று கேட்டார். அன்று முதல் நானும் வட்டத்தில் ஒருவன். ஆனால் வட்டத்தில் இருப்பவர் தன் முறை வரும்போது ஓர் ஒலிப்பதிவு கொண்டுவந்தாக வேண்டும். நான் ஒரு வருடமாகக் கையை வீசிக்கொண்டு போய் வந்தேன்.

கல்லூரி ஒன்றுமில்லை. மட்டக்களப்பில், கடலோரக் கல்லடியில் எனக்கு ஒரு ரெக்கோடிங் பார் இருந்தது. சமாதான ஒப்பந்தக் காலத்தில் கலியாணப் பாட்டு, சாமிப் பாட்டு, சினிமாப் பாட்டு என்று கேட்டதையெல்லாம் பதிந்து கொடுத்தேன். என் சிநேகிதன் ஜெரோம் டி லீமா, பக்கத்துக் குடியிருப்பான டச்பாரில் இருந்த, போர்த்துக்கேய வழிவந்த பறங்கித் தச்சன். பகலில் அலுமாரி செய்வான். கலியாண வீடுகளில் ஆட்டத்துக்கு வயலின் வாசிப்பான். எந்தக் காலத்திலோ ஊருக்கு வந்துபோன ஒரு ஜெர்மன் பாதிரியார் அவர்கள் வீட்டில் விட்டுச்சென்ற கிராமபோனும் தட்டுகளும் அவனிடம் இருந்தன. அதில் ஒன்று, தனி வயலினுக்கு ஹாசன்காம்ப் என்பவர் எழுதியது. மூன்று தட்டில் மூன்று பகுதி. தட்டு தேய்கிறது, கசெற்றில் பதிந்து தா என்றான். கிராமபோனை ஒருநாள் கொண்டுவந்து வைத்தான். மறுநாள் தட்டுகளைச் சயிக்கிள் கரியரில் ரியூப்பால் கட்டிக்கொண்டு வந்தான். வழியில் ஒரு பள்ளத்தில் சயிக்கிள் துள்ளியது. மூன்றாம் தட்டு இரண்டாகிப் போனது.

கிராமபோனுக்கு முன்னால் மைக்கை வைத்து இரண்டு தட்டையும் பதிந்தோம். கசெற்றில் ஏழெட்டு நிமிடம் மிச்சம். குறைப் பாட்டுக் கொடுத்தால் கடையின் பெயர் கெட்டுப்போகும் என்பது எங்கள் தொழிலின் வேதவாக்கு. மிச்ச நாடாவை எதையாவது போட்டு நிரப்பிவிடுவோம். "ரெண்டு சினிமாப் பாட்டைப் போட்டு விடட்டாடா?" என்றேன்.

"உனக்கு விசரா மச்சான்? மூணாவதுதான்டா உசிரே. நூறு தரம் கேட்டிருக்கன். மைக்க இஞ்சால திருப்பு, நான் வாசிக்கன்."

நோட்டு வாசிக்கத் தெரியாதவன், கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் வாசித்தான். வெளியே மதிலில் ஒரு காகம் விடாமல் கரைந்தது. முதல் இரண்டு பகுதியைப் போலவே இதிலும் அது பதிவாகியது.

நல்ல பிரதி அவனிடம் போனது. என்னிடம் இருந்த உபரிப் பிரதியை, மேலே பஜனை பதிந்துகொள் என்று, பழைய கசெற்றுகளோடு சேர்த்து வாவிக்கு அப்பால் கொக்கட்டிச்சோலையில் இருந்த அக்காவிடம் டிசம்பர் இருபத்தைந்து, நத்தாரன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். இரவு அங்கேயே தங்கினேன். மறுநாள் காலை கடல் வந்தது. என் கடை இருந்த இடத்தில் மணல் இருந்தது. டச்பாரில் ஜெரோமும் இல்லை, வீடும் இல்லை, வயலினும் இல்லை. நான் அழக்கூட இல்லை. அடுத்த வருடம் நாட்டைவிட்டுப் போனேன். பிறகு சண்டை அக்கா இருந்த படுவான்கரைப் பக்கம் வந்தது. அக்கா இடம்பெயர்ந்து, திரும்பி வந்து குடியேறி, கடைசியில் யுத்தமும் முடிந்த பிறகு ஒருநாள் தொலைபேசியில் சொன்னாள்: "தம்பி, நீ தந்த கசெற்றெல்லாம் காணி உறுதியோட ஒரே பையிக்குள்ள கிடக்கு கா. கரண்டுமில்ல, பற்றரியுமில்ல, எதுல பஜன பதியிற?" யுத்தம் எனக்குச் செய்த ஒரே உபகாரம் அதுதான்.

உறவினர் ஒருவர் அந்தக் கசெற்றைக் கொண்டுவந்து சேர்த்த மாதமே என் முறையைக் கேட்டு வாங்கினேன். ஹாசன்காம்ப் என்ற பெயரைச் சொன்னதும் ப்ரூக் எழுந்து நின்றுவிட்டார். அப்படி ஓர் ஒலிப்பதிவு வெளிவந்ததாகப் பழைய பட்டியலில் இருக்கிறதாம். உலகப்போரில் அதை வெளியிட்ட நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது இருந்த தட்டெல்லாம் போய்விட்டதாம். அவர்கள் நெருப்பில் இழந்ததை நான் தண்ணீருக்குத் தப்ப வைத்துக் கொண்டுவந்திருக்கிறேன் என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. வட்டத்தில் ஒரு விதி உண்டு: கொண்டுவந்தவர் கடைசியில்தான் பேச வேண்டும். கசெற் ஓடியது. மூன்றாம் பகுதி தொடங்க முன் இருக்கும் இடைவெளியில் எல்லோரும் இருமினார்கள். ஜெரோமின் வில் தந்தியில் விழுந்தது. பிறகு யாரும் மூச்சுக்கூட விடவில்லை. கடைசிச் சுரம் முடிந்ததும் நான் சட்டென்று நிறுத்தினேன்.

சண்டை தொடங்கியது. மூன்றாம் பகுதியில் தட்டின் கீறல் சத்தம் இல்லை. ஆகவே அது வேறு பதிவு என்றார் ப்ரூக். வட்டத்தில் இருந்த ஃப்ராவ் லிண்டே என்ற பெண்மணி, காகம் மூன்றிலும் கேட்கிறது, மூன்றும் ஒரே கோடையில் யன்னல் திறந்திருந்த ஒரு தேவாலயத்தில் பதிந்தவை என்றார். ஓய்வுபெற்ற வயலின் ஆசிரியர் ஒருவர், "இவர் முதலில் வாசித்தவர் இல்லை. இது லைப்சிக் நகரத்து வாசிப்பு வழி. ஆனால் தாளத்தில் ஒரு நடனம் இருக்கிறது, அப்படி வாசிக்க இன்று ஆளில்லை" என்றார். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். செயலாளர் பட்டியல் அட்டையில் எழுதத் தொடங்கினார்: "அறியப்படாத கலைஞர், லைப்சிக்காக இருக்கலாம்."

உண்மையைச் சொன்னால் பொக்கிஷம் போலியாகிவிடும். ஜெரோம் வெறும் நிரப்பியாகிவிடுவான். சொல்லாவிட்டால் கடல் கொண்டுபோனவனை நானும் ஒரு தடவை கொண்டுபோனவனாவேன். என் முறை வந்தது. உடைந்த ஜெர்மனில் ஒன்றும் விடாமல் சொன்னேன். பள்ளம், உடைந்த தட்டு, மிச்ச நாடா, தச்சன், கலியாண வீட்டு ஆட்டம், மட்டக்களப்புக் காகம், நத்தாருக்கு மறுநாள்.

எல்லாம் போச்சு என்று நினைத்தேன். ப்ரூக் செயலாளரின் கையிலிருந்து பேனையை வாங்கி, லைப்சிக்கை வெட்டினார்.

"பெயர்?"

"ஜெரோம் டி லீமா."

"நகரம்?"

"மட்டக்களப்பு."

ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டு எழுதினார். "தொழில், தச்சர்" என்பதையும் எழுதினார். பிறகு அந்த வயலின் ஆசிரியர் எழுந்து கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். நான் அத்தனை பேருக்கும் முன்னால், ஐந்து வருடம் பிந்தி, விக்கி விக்கி அழுதேன். அவ்வளவு சந்தோசமாக என் வாழ்நாளில் நான் அழுததில்லை.

"கடைசியில் ஏன் அவசரமாக நிறுத்தினீர்கள்?" என்று லிண்டே கேட்டார். வில்லை இறக்கிய பின் அவன் குரல் இருக்கிறது, அது இசை இல்லையே என்றேன். போடச் சொன்னார்கள். போட்டேன். மூச்சு வாங்க, சிரிப்போடு ஜெரோம் கேட்டான்: "காணுமா மச்சான்?"

என்ன சொல்கிறார் என்றார் ப்ரூக். போதுமா என்று கேட்கிறான் என்றேன்.

"போதாது என்று சொல்லுங்கள். மறுபடி போடுங்கள்."

நாடாவைப் பின்னோக்கிச் சுற்றினேன். மூன்றாம் பகுதி தொடங்கியது. காகம் கரைந்தபோது ப்ரூக் யன்னல் பக்கம் திரும்பினார், நானும் திரும்பினேன். வெளியே பனி மூடிய கார்கள் நின்றன. என் கண் மட்டும் மதிலைத் தேடியது.