வராத வலிப்புகள்

என் மகளுக்கு வராத வலிப்புகளை வந்ததாக எழுதினேன். ஆமாம், நான்தான்... பெற்றவள்!

நிலோபருக்கு ஒன்பது வயது. பேச்சு இல்லை, உட்கார முடியாது, தலை நிற்காது. மாதம் ஒருமுறை ஆம்பூரிலிருந்து வேலூருக்குத் தூக்கிப் போவோம். டாக்டரம்மா எதையும் தானாகத் தீர்மானிக்க மாட்டார். "நாங்க பத்து நிமிஷம் பாக்குறோம். நீங்கதாம்மா நாள் முழுக்க கூட இருக்கீங்க. எத்தனை தடவை வலிப்பு வருதுன்னு நோட்டுல எழுதுங்க, அத வச்சு சேர்ந்து முடிவு பண்ணலாம்" என்றார்.

கல்யாணத்துக்கு முன் ஷூ கம்பெனியில் செக்கராக இருந்தவள் நான். மணிக்கு மணி பழுது எண்ணி எழுதவேண்டிய தாளைச் சாயங்காலம் ஒரே மூச்சில் நிரப்பிப் பழகிய கை. நோட்டையும் அப்படித்தான் நிரப்பினேன். அந்தச் சோம்பலோடு நின்றிருந்தால் தேவலை!

நிற்கவில்லை. நிலோபர் கத்துவாள். சிரித்தாலும் கத்தல், பசித்தாலும் கத்தல். வீட்டிலிருந்தே ஷூவுக்குக் கைத்தையல் போடுகிறேன். திடுக்கிட்டு ஊசி விரலில் ஏறும். இரண்டு வருடமாக நான் சரியாகத் தூங்கவில்லை என்றால் மன்னிப்பீர்களா? வேண்டாம், மன்னிக்காதீர்கள்! ஒருநாள், இரண்டு வந்த இடத்தில் ஐந்து என்று எழுதினேன். மருந்து கூடினால் தூங்குவாள் என்று தெரிந்தே எழுதினேன்.

நோட்டைப் பார்த்து டாக்டரம்மாவின் முகம் வாடியது. மருந்தைக் கூட்டினார். நிலோபர் தூங்கினாள். யா அல்லாஹ், வீடு எவ்வளவு அமைதி... நானும் தூங்கினேன்.

அவள் அப்பாவின் பைக் சத்தம் கேட்டால் காலை உதைத்துக்கொண்டு சிரிப்பாளே, அது நின்றுபோனது. அவர் தினமும் வாசலில் ஹார்ன் அடித்துப் பார்ப்பார். "இன்னாடி, புள்ளைக்கு என் மேல கோவமா?" என்பார். நான் குனிந்து ஊசியில் நூல் கோர்ப்பேன்.

அடுத்தடுத்த மாதங்களில், மருந்து கேட்கிறது என்று காட்ட, நானே ஏற்றிய எண்ணிக்கையை நானே இறக்கினேன். போன மாதம் டாக்டரம்மா, "வலிப்பு கம்மியாயிடுச்சு. மருந்தக் கொறச்சுப் பாக்கலாமா? பழையபடி சிரிக்கலாம். ரெண்டு பேரும் சொல்லுங்க" என்றார்.

நிலோபரின் அப்பா என்னைப் பார்த்தார். "இவளுக்குத்தான் டாக்டரம்மா எல்லாம் தெரியும். இவ சொன்னா சரி."

எத்தனை நம்பிக்கை அந்த முகத்தில்! அப்போதே சொல்லியிருக்கலாம்... ஏன் சொல்லவில்லை?

"வேணாம் டாக்டரம்மா. இப்பதான் நல்லா இருக்கா" என்றேன்.

இதோ, வாசலில் ஹார்ன் கேட்கிறது. இரண்டு முறை... மூன்று முறை. நிலோபர் அசையவில்லை. எழுந்து போய், போதும் நிறுத்துங்கள், உங்கள் மேல் அவளுக்குக் கோபமில்லை என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.