வெள்ளைத் தட்டில் மிஞ்சியது

அஷ்டமி சர்தார் நாற்பத்தாறு வயதில் பாதியை இடுப்பளவு உப்புத் தண்ணீரில் கழித்தவள். நீல வலையை இழுத்துக்கொண்டு அலையாத்திக் கரையோரம் ஆற்றுக்குள் நடப்பாள். பிறகு சேற்றில் குந்தி, வலையில் சிக்கியதை வெள்ளைத் தட்டில் கொட்டி, மயிரிழை போன்ற இறால் குஞ்சுகளை மட்டும் சிப்பியால் அள்ளிப் பானையில் விடுவாள். இறால் பண்ணைக்காரர்களுக்கு அது மட்டும்தான் வேண்டும். மிச்சத்தைக் கரைமேட்டில் வீசுவாள். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான். ஆற்றில் விட்டால் அதே குப்பை நாளைக்கும் வலைக்கு வரும், பொறுக்கிப் பொறுக்கிக் கண் போகும் என்பார்கள்.

முன்பெல்லாம் ஒரு இழுப்புக்கே தட்டு நெளியும். இந்த வருஷம் காலை முழுக்க இழுத்தாலும் எட்டோ பத்தோதான்.

அன்று அவளுக்கு அதைவிட வேறு கவலை. மறுநாள் மருமகனுக்கு விருந்து வைக்கும் ஜாமாய் சஷ்டி. கல்யாணமான பிறகு முதல் விருந்துக்கு பிமல் வருகிறான். "எங்க ஆத்து மடவை மாதிரி நீங்க எங்கயும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க" என்று சம்பந்தி வீட்டார் முன்னால் சொல்லி வைத்திருந்தாள். கணவன் மூன்று நாளாக வலை வீசியும் ஒரு மடவை மீன்கூட விழவில்லை.

"வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல? கோழி அடிச்சுப் போடு" என்றாள் மூத்த ஓரகத்தி மாலோதி, பக்கத்தில் வலையை உதறியபடி.

"கோழி அவங்க ஊர்ல இல்லையாக்கா?"

"அப்ப ஆத்துத் தண்ணிய ஊத்திக் குழம்பு வை. ருசி தானா வரும்."

அஷ்டமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இறால் குஞ்சு ஆறு தேறியது. தட்டில் மிஞ்சியவை வெள்ளி ஊசிகள் போலத் துடித்தன.

"அக்கா, இதப் பாருங்க. மடவைக் குஞ்சு."

"இன்னைக்குத்தான் பாக்கறியா? இருவது வருசமா அதத்தானடி காக்காய்க்குப் போடறோம்."

மறுநாள் கோசாபாச் சந்தையில் வாங்கிய ரோகு மீன்தான் இலையில் விழுந்தது.

"இதுதான் அந்த மடவையா அத்தை?"

"இல்ல மாப்பிள்ள. சந்தையில வாங்கினது. ஆத்துல ஒண்ணுமில்ல." மகள் முறைத்தாள்.

"எங்க ஆத்துலயும் அதே கதைதான். இன்னொரு துண்டு போடுங்க" என்றான் பிமல்.

அதற்கடுத்த நாள் அஷ்டமி தட்டை ஆற்றிலேயே கவிழ்த்தாள்.

"ஏய், அத்தனையும் நாளைக்கு என் வலையிலதான் வந்து விழும்!" என்றாள் மாலோதி.

"விழுந்தா நீங்களும் எடுத்து விடுங்க."

இப்போதும் அப்படித்தான் செய்கிறாள். ஓதம் இறங்கி நீர் விலகிப் போய் ஆற்றுக்கு நாற்பதடி சேற்றில் நடக்க வேண்டியிருக்கும் நாட்களில் மட்டும், பழையபடி கரைமேட்டில் வீசிவிடுகிறாள்.