ஒரு நாள் முன்னால் பிரித்த உறை

எங்கள் அடுக்குமாடி புளோக்கின் வாட்ஸ்அப் குழுவில் வழக்கமாகக் குப்பை, தண்ணீர், கார் நிறுத்துமிடச் சண்டைகள்தாம் வரும். போன செவ்வாய்க்கிழமை காலை மங்களம் அக்காவின் மகன் எழுதியிருந்தார்: "அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க." நான் அதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

பெர்மாஸ் ஜெயா வட்டாரத்தில் எங்கள் அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அரசாங்க அலுவலகத்தில் கொள்முதல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் நிர்வாகக் குழுவின் தலைவர். ஒன்பதாம் மாடிக்காரர். நான் செயலாளர், அவரிடம் அதிகம் திட்டு வாங்கியவனும் நானே.

எந்த வேலைக்கும், அதை எடுத்துச் செய்யும் மூன்று குத்தகையாளர்களிடம் விலை கேட்பார். அவர்கள் விலை எழுதித் தரும் மூடிய உறைகள் பூட்டிய பெட்டிக்குள் போகும். சனிக்கிழமை மாலை, கீழே தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் மேசை போட்டு, எல்லார் முன்னாலும் பிரித்து உரக்கப் படிப்பார். தமிழில் ஒருமுறை, மலாயில் ஒருமுறை.

"என்னக்கா, பாசார் மாலாம்ல ராத்திரி காய்கறி விக்கிற மாதிரி கூவுறீங்க?" என்று கிண்டல் செய்தேன்.

"ரூம்ல பிரிச்சா நமக்கு மட்டும்தான் தெரியும். இங்க பிரிச்சா லிஃப்டுக்கு நிக்கிறவங்க எல்லாரும் சாட்சி" என்றார்.

சென்ற ஆண்டு அந்த லிஃப்டே படுத்துவிட்டது. பழுதுபார்க்க விலை கேட்டு உறைகளும் வந்தன. முழங்கால் வலிக்கு மருத்துவமனை போன வெள்ளிக்கிழமை, அக்கா பெட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் காலோடு அவர் படி ஏறுவது எனக்குப் பொறுக்கவில்லை. யார் சீக்கிரம் முடிப்பார்கள் என்று பார்த்துவைக்கலாமே என்று ஓர் உறையைப் பிரித்துவிட்டேன். அவருக்கு நல்லது செய்வதாகத்தான் நினைப்பு.

மாலையில் நானே போய்ச் சொன்னேன். அவர் கத்தவில்லை.

"யாருகிட்டயாவது விலைய சொன்னியா?"

"இல்லக்கா."

"நீ சொல்லலன்னு எனக்குத் தெரியும் தம்பி. மத்தவங்களுக்கு எப்படித் தெரியும்? மூணும் செல்லாது. மறுபடி கேப்போம்."

"ஐயோ அலமாக், உங்க காலு…"

"ஏறுவேன் லா."

நடந்ததை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னார். கூசிக்கொண்டே ஒட்டினேன். மறுநாள் பார்த்தால், என் எழுத்துக்குக் கீழே அவர் கையெழுத்து: 'சாவியைக் கொடுத்தது நான். தவறில் எனக்கும் பங்கு உண்டு. மங்களம்.'

மேலும் மூன்று வாரம் ஏறினார். மூன்றாம் மாடியில், என் வீட்டு வாசலுக்கு எதிரே, படியில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார். கைத்தடிச் சத்தம் கேட்டதும் நான் கதவைத் திறக்க வெட்கப்பட்டு உள்ளேயே இருந்துவிடுவேன். ஒரு நாளாவது அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போயிருக்கலாம். இதை நினைத்தால்தான் இன்று அழுகை வருகிறது.

புதன்கிழமை அவரை அனுப்பிவைத்தோம். லிஃப்ட் நன்றாக ஓடுகிறது. சவப்பெட்டிதான் அதற்குள் நுழையவில்லை. படி வழியாகத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். மூன்றாம் மாடியில் தோள் மாற்றிக்கொள்ள நின்றோம். அன்று என் வீட்டுக் கதவு திறந்திருந்தது.

உறைப் பெட்டியின் சாவியைக் குழு இப்போது என்னிடம் கொடுத்திருக்கிறது. பலகையிலிருந்து எடுத்து வைத்திருந்த அந்தக் காகிதத்தில் அதைச் சுற்றி வைத்திருக்கிறேன். சாவியை எடுக்க வேண்டுமென்றால், முதலில் அக்காவின் கையெழுத்தைப் பிரித்தாக வேண்டும்.