கத்தி எடுத்தால் சொந்தக் குரல்

அப்பா முடி திருத்துபவர். பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் கடை. இரண்டு நாற்காலிகள், ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, மூலையில் ஒரு டிவி. கத்தரிக்கோல் கையில் இருக்கும்போது யார் குரலில் வேண்டுமானாலும் பேசுவார். சவரக் கத்தியை எடுத்துவிட்டால் சொந்தக் குரல்தான். சிரித்துக் குலுங்கும் ஆளின் கழுத்தில் கத்தி வைக்க முடியாது என்பதால் வந்த பழக்கம் அது.

அவர் அதிகம் பேசியது ஒருவருடைய குரலில். அந்த ஆள் முன்னாள் கவுன்சிலர். அடுத்தடுத்த தேர்தல்களில் தோற்றார், பிறகு கட்சி அவருக்கு இடம் கொடுக்கவில்லை. வாக்கு எண்ணும் நாளில் விளக்கம் சொல்ல ஆள் தேடிக்கொண்டிருந்த உள்ளூர் சேனல் அவரைக் கூப்பிட்டது. கோட்டு போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தார். எதைக் கேட்டாலும் ஒரு சதவீதம் சொன்னார்.

"இந்தத் தொகுதி எப்படிங்க?" என்று கேட்பார் தொகுப்பாளர்.

"நூத்துக்கு நூறு சதவீதம் உறுதியா சொல்றேன், ஒரு எழுபது சதவீதம் வாய்ப்பிருக்கு."

அரை மணி நேரத்தில் அந்த வேட்பாளர் பின்தங்கிவிடுவார். "இதை நான் அப்பவே சொன்னேன். எழுபது சதவீதம் வாய்ப்புன்னா மீதி முப்பது எங்க போகும்? அதுதான் இப்ப வந்திருக்கு."

சேனலில் தொடுதிரை வாங்கியிருந்தார்கள். வரைபடத்தில் விரலால் வட்டம் போட வேண்டும். அவர் தவறான ஊரைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டார். எப்படி அழிப்பது என்று தெரியவில்லை. கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார். துடைக்கத் துடைக்க வரைபடம் நகர்ந்தது. கடைசியில் மாவட்டமே திரையை விட்டுப் போய், வெறும் கடல் மட்டும் நின்றது. அவர் அந்தக் கடலைக் காட்டி, "இங்கயும் நமக்கு நல்ல செல்வாக்கு" என்றார்.

மறுநாள் காலை அப்பா சவர நுரையைத் தொட்டுக் கண்ணாடியில் வட்டம் போட்டார். துண்டால் துடைத்தார். துடைத்துக்கொண்டே கண்ணாடியின் ஓரம் வரை போய், சுவரைத் துடைத்து, கதவு வழியாகத் தெருவுக்குப் போய்விட்டார். பாதி முடி வெட்டிய தலையோடு நாற்காலியில் இருந்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து அந்த முன்னாள் கவுன்சிலருக்குப் பெயர் சதவீதம். முடி வளராதவர்கள்கூடக் கடைக்கு வந்தார்கள். வந்தவர்கள் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். வீடியோ ஊர் முழுக்கச் சுற்றியது.

இதில் சிக்கல் என்னவென்றால் சதவீதம் அப்பாவின் வாடிக்கையாளர். சேனலுக்குப் போகும் நாளெல்லாம் நேராகக் கடைக்கு வந்து சவரம் செய்துகொண்டுதான் போவார்.

வீடியோ பரவிய வாரம் நான் கடையில் இருந்தேன். டிவியின் ஸ்பீக்கர் கரகரவென்று இரைந்தது, சரிசெய்யப் போயிருந்தேன். எனக்கு அதுதான் வேலை. ஒலிபெருக்கி தயாரிக்கும் கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். சதவீதம் உள்ளே வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடி வழியாக அப்பாவைப் பார்த்தார்.

"வீடியோ பாத்தேன் தம்பி."

அப்பா துணியை உதறிப் போர்த்தினார். "எப்படி இருந்துச்சுண்ணே?"

"என் கைக்குட்டை நீலம். நீ வெள்ளைத் துண்டுல துடைக்கற."

"மாத்திடறேன்ணே."

"கோட்டும் இல்ல."

"கோட்டுக்கு நீங்கதான் கொடுக்கணும்."

பெஞ்சில் இருந்தவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா நுரை தடவிக் கத்தியை எடுத்தார். சதவீதம் கழுத்தைப் பின்னால் சாய்த்தார். "திட்டணும்னுதான் வந்தேன். இப்ப கத்தி உன் கையில இருக்கு. முடியட்டும்."

முடித்த பிறகும் திட்டவில்லை. கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "வழவழன்னு இருக்கு" என்று சொல்லிப் போய்விட்டார். அதற்குப் பிறகும் அங்கேதான் சவரம் செய்துகொண்டார்.

போன வருடம் அப்பாவின் குரல் கரகரத்தது.

சதவீதத்தின் குரலும் கரகரப்பு. மேடை மேடையாகக் கத்திப் போன தொண்டை. எனவே யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. "சதவீதம் தொண்டைக்குள்ளயே குடி வந்துட்டான் போலிருக்கே" என்றார் பக்கத்து டைலர். "வாடகை வாங்கிடுங்கண்ணே." அப்பாவும் சிரித்தார். கரகரப்பு வந்த பிறகு மிமிக்ரி முன்னைவிட நன்றாக வருகிறது என்றார்கள். அது உண்மை.

கடைசியில் டாக்டரிடம் போனபோது, எத்தனை மாதமாக இப்படி இருக்கிறது என்று கேட்டார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா சொன்னாள்: "நடிப்புன்னு நினைச்சுட்டோம் டாக்டர்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்.

குரல்வளையில் புற்றுநோய்க் கட்டி, குரல்வளையையே முழுதாக எடுக்க வேண்டும் என்றார். அதற்குப் பிறகு பேச்சு வராது. அறுவைக்கு முன்னால் அவருடைய குரலைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தருகிற பெண் சொன்னாள். "சாதாரணமா வீட்டுல பேசறதைப் பேசச் சொல்லுங்க. பின்னாடி உங்களுக்கு அது வேணும்."

கம்பெனியிலிருந்து நல்ல மைக் ஒன்றை எடுத்துவந்தேன். படுக்கையறை ஜன்னலில் போர்வை கட்டினேன். எதிரொலி வராமல் இருக்க அலமாரிக் கதவைத் திறந்து துணிகள் தெரியும்படி வைத்தேன். மின்விசிறியை அணைத்தேன். அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அப்பாவை மைக் முன்னால் உட்கார வைத்து, "பேசுங்கப்பா" என்றேன்.

அப்பா மைக்கைப் பார்த்தார். சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

"நேயர்களுக்கு வணக்கம். இந்த ஆபரேஷனைப் பொறுத்தவரைக்கும் நூத்துக்கு நூறு சதவீதம் உறுதியா சொல்றேன்..."

அம்மா சிரித்தாள். டாக்டரிடம் போய்வந்ததிலிருந்து அவள் சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும் அப்பாவுக்கு வேகம் வந்துவிட்டது. மருத்துவமனையைத் தொகுதியாக்கினார். டாக்டர் முன்னிலை, கட்டி பின்னடைவு என்றார். வார்டில் செல்வாக்கு யாருக்கு என்று போர்வையில் வட்டம் போட்டுக் காட்டினார். நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அம்மா, "போதும், வயிறு வலிக்குது" என்றாள்.

பிறகு கேட்டேன். "இப்ப உங்க குரல்ல பேசுங்கப்பா."

"என் குரல்ல என்ன பேசறது?" என்று கையால் தட்டிவிட்டார். "கேக்கறவங்களுக்கு அலுத்துடும். களைப்பா இருக்கு பாப்பா. நாளைக்குப் பாக்கலாம்."

ஹெட்போனைக் கழற்றியபோதே நான் மைக்கை அணைத்திருந்தேன், சொந்தக் குரலில் அவர் சொன்ன அதுவும் பதிவாகவில்லை. மறுநாள் காலையே, படுக்கை ஒன்று காலியாகியிருக்கிறது, ஆபரேஷனுக்கு உடனே வாருங்கள் என்று மருத்துவமனையிலிருந்து போன் வந்தது.

அறுவை நன்றாக முடிந்தது என்றார்கள். கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்றைக் கொடுத்தார்கள். பொத்தானை அழுத்தினால் அதிரும், வாயை அசைத்தால் வார்த்தை வரும். அதில் எல்லோருடைய குரலும் ஒன்றுதான். பக்கத்துப் படுக்கைக்காரர் பேசியதும் அப்பா பேசியதும் ஒரே ஆள் பேசியது போல இருந்தது. அப்பா ஒருமுறை சதவீதத்தைப் பேசிப் பார்த்தார். வரவில்லை. கருவியை மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். பிறகு அதைத் தொடவில்லை.

வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் அம்மா பதிவைப் போடச் சொன்னாள். அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். போட்டேன். சிறிது நேரம் கேட்டாள்.

"இது அந்த ஆளு குரல். உங்கப்பா குரல் எங்க?"

தேடினேன். என் போன், அம்மாவின் போன், டைலரின் போன், கடைக்கு வருகிற எல்லோரிடமும் இருந்த வீடியோக்கள். எல்லாமே மிமிக்ரி. கத்தி கையில் இருக்கும்போது யாரும் படம் பிடிக்கவில்லை. அதில் என்ன இருக்கிறது பிடிக்க?

நோய் திரும்பி வந்தது. மழைக்காலம் முடிவதற்குள் அப்பா போய்விட்டார்.

சதவீதம் துக்கத்துக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கூட்டத்தில் யாரோ லேசாகச் சிரித்துவிட்டார்கள். கேலி செய்து அல்ல. அவரைப் பார்த்தால் அப்பா ஞாபகம், அப்பா ஞாபகம் வந்தால் சிரிப்பு. பழகிய வாய். சிரித்தவரே வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். சதவீதம் ஒரு நிமிடம் நின்றார். அப்பாவைத் தூரத்திலிருந்தே பார்த்துக் கும்பிட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் போனார்.

காரியங்கள் முடிந்து ஒருநாள் டைலர் சொன்னார். "அந்தாளு ஷேவ் பண்ணும்போது போன்ல பேசிப் பேசிப் பதிவு பண்ணுவானே. டிவியில பேச வேண்டியதை இங்கயே ஒத்திகை பாப்பான். மடியில துணிக்கு மேல போனை வெச்சிருப்பான்."

நான் அன்று மாலையே சதவீதத்தின் வீட்டுக்குப் போனேன்.

அவர் மனைவி கதவைத் திறந்தார். கூடத்தில் அவர் பனியனோடு உட்கார்ந்திருந்தார். டிவி மேல் துணி போர்த்தியிருந்தது. சவரம் செய்து பல நாளாகியிருந்தது. எதற்கு வந்தேன் என்று சொன்னேன்.

"ஒத்திகையா." தாடியைச் சொறிந்தார். "அதெல்லாம் பழைய போன்லம்மா. பேட்டரி உப்பிப் போச்சு. ஆன் ஆகல."

"கொடுங்க. நான் ஆன் பண்ணிக்கறேன்."

எழுந்து போகவில்லை. "அதுல நான் தப்புத் தப்பா உளறியிருப்பேன். ஒரே வரியைப் பத்துத் தடவை சொல்லிப் பாத்திருப்பேன். சேனல்காரன் என்னை எதுக்குக் கூப்பிட்டான்னு எனக்குத் தெரியாதுன்னா நினைக்கறே? ஜனங்க சிரிக்கறதுக்குத்தான். இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் இந்தத் தடவை ஒழுங்கா பேசிடணும்னுதான் போவேன். யாருக்கும் போட்டுக் காட்டிடாதம்மா. சிரிச்ச வரைக்கும் போதும்."

"அம்மாவுக்கு மட்டும்தாங்க."

அவர் மனைவி உள்ளே போய்ப் போனை எடுத்துவந்து அவர் கையில் வைத்தார். அவர் அதைப் பனியனில் துடைத்து என்னிடம் கொடுத்தார்.

"அவன் நடிச்சதுல எனக்குக் கோபம் இல்லம்மா" என்றார். "நான் பேசினதை உட்காந்து முழுசா கேட்டவன் அவன் ஒருத்தன்தான். கேக்காம அப்படி நடிக்க முடியாது."

உப்பிய பேட்டரியைக் கழற்றிப் போட்டேன். அதன் இடத்தில் கம்பெனியில் சோதனைக்கு வைத்திருக்கும் பவர் சப்ளையை இணைத்தேன். போன் உயிர்பெற்றது. பதிவுகள் இருந்தன, என் போனுக்கு மாற்றிக்கொண்டேன்.

எல்லாவற்றிலும் சதவீதம். பின்னால் கத்தி தோலில் ஓடும் சத்தம், சீராக. "இந்தத் தேர்தலைப் பொறுத்தவரைக்கும்..." நிறுத்துவார், மறுபடி ஆரம்பிப்பார். நடுவில் இன்னொரு குரல். கரகரப்பு இல்லாத குரல்.

"கன்னத்தை ஊதுங்கண்ணே."

பிறகு, "உதட்டை உள்ள இழுங்க."

"நல்லா இருக்கா தம்பி, இப்ப பேசினது?"

"நல்லாத்தான் இருக்கு. ஆட்டாதீங்க."

வீட்டில் அம்மாவைக் கூடத்தில் உட்கார வைத்துப் போட்டேன். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள். ஒரு பதிவின் பாதியில் இன்னொரு போன் அடிக்கிறது. கத்தியின் சத்தம் நிற்கிறது.

"சொல்லு... ஒரு ஆளு இருக்காரு... இதோ வந்துடறேன்... இல்ல இல்ல, நீ சாப்பிடு... எனக்காகக் காத்துட்டிருக்காதன்னு எத்தனை தடவை சொல்றது... சரி. சரி."

இந்த நேரம் முழுக்கச் சதவீதம் பேசிக்கொண்டே இருக்கிறார். அப்பாவின் ஒவ்வொரு வார்த்தை மேலும் ஒரு சதவீதம் விழுகிறது.

சதவீதத்தின் குரலை நீக்கிப் பார்த்தேன். அதற்கான மென்பொருள் என்னிடம் உண்டு. ஆனால் இரண்டு ஆண் குரல்கள், ஒரே மைக், ஒரே அறை. ஒன்றை எடுத்தால் மற்றதும் கூடவே கிழிந்து வருகிறது. மிஞ்சியது அந்தக் கழுத்துக் கருவியின் குரல் போல இருந்தது. அந்தப் பிரதியை அழித்துவிட்டேன்.

அம்மாவிடம் சொன்னேன். "அந்தாளு பேச்சை எடுக்க முடியலம்மா."

"எதுக்கு எடுக்கற? அவரு பாட்டுக்குப் பேசட்டும்."

போனைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது சதவீதம் வாசலிலேயே நின்றிருந்தார். "இருந்துச்சாம்மா?"

"இருந்துச்சுங்க."

"அம்மா சிரிச்சாங்களா?"

"இல்லங்க."

தலையாட்டினார். போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இப்போது எங்கே சவரம் செய்துகொள்கிறார் என்று கேட்க நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் கேட்கத் தேவையில்லை என்று தெரிந்தது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா சோற்றைத் தட்டில் போட்டு மூடிவைத்திருந்தாள். எனக்கு என்று நினைத்தேன். எனக்கு வேறு தட்டு இருந்தது. கூடத்தில் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. சதவீதம் ஒரு தொகுதியை விளக்கிக்கொண்டிருந்தார். அம்மா அவரைத் தாண்டிக் காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள்.

"இல்ல இல்ல, நீ சாப்பிடு" என்றார் அப்பா.

"என்னிக்குப் பேசினதுன்னு தெரியல" என்றாள் அம்மா. "எந்த நாளா இருந்தாலும் நான் சாப்பிட்டிருக்க மாட்டேன்."