ரத்து பண்ணது நான்தான்

ஒரு பொம்பளைக்கு அவங்க வூட்ல இருந்த மரியாதையை நான் கெடுத்துட்டேன். அவங்க மூஞ்சியைப் பார்த்ததில்ல, அவங்க வூட்டு வாசப்படி மிதிச்சதில்ல. போன்ல ஒரு பொய்யை அமுக்கினேன், அவ்ளோதான். அது நேரா அவங்க வூட்டுக்குள்ள போய் உக்காந்துக்கிச்சு.

கள்ளக்குறிச்சியில கச்சிராயபாளையம் போற ரோட்ல எனக்கு ஒரு சின்ன கடை. கல்வராயன் மலையில இருந்து வர்ற சாமை, தினை, கடுக்கா, புளி, தேன், இதான் யாவாரம். ஒரு ஆப்ல போட்டு ஆன்லைன்லயும் விக்கிறேன். முன்னல்லாம் அதைக் கிண்டல் பண்ணவதான் நானு. மூஞ்சி தெரியாதவங்ககிட்ட இன்னா யாவாரம்னு பேசுவேன். அப்புறம் ஒரு மழைக்காலம் பூரா கடையில ஈ ஓட்டிக்கினு இருந்தப்ப, அந்த மூஞ்சி தெரியாதவங்கதான் எனக்குச் சோறு போட்டாங்க.

அன்னிக்கு வெள்ளிக்கிழமை. தேன் சீசன் முடிஞ்சு போச்சு. மலையில இருந்து கொண்டாந்து குடுக்கிறவரு, இனிமே சித்திரைக்கு மேலதாம்மான்னு சொல்லிட்டாரு. கடைசியா ஒரே ஒரு பாட்டில் நின்னுது. முந்தின நாள்தான் கோயம்புத்தூர்ல இருந்து ஒரு அம்மா அதுக்கு ஆர்டர் போட்டிருந்தாங்க. நல்லா சுத்தி, அட்டைப்பெட்டியில வச்சு, டேப் ஒட்டி, அட்ரஸ் சீட்டையும் ஒட்டி, கூரியர்காரருக்காகக் கல்லாப் பக்கத்துலயே வச்சிருந்தேன்.

சாமி படத்துக்குச் சாம்பிராணி காட்டிட்டுத் திரும்புறேன், வெள்ளை வேட்டி கட்டின பெரியவர் ஒருத்தர் நிக்கிறாரு. "தேன் இருக்காம்மா?"ன்னாரு. அன்னிக்கு மொத ஆளு. போணி. எங்க பஜார்ல போணிக்கு வந்த ஆளை வெறுங்கையோட அனுப்ப மாட்டோம். அனுப்பினா பொழுதுக்கும் யாவாரம் ஓடாதுன்னு ஒரு பயம். நானும் காலேஜ் படிச்சவதான். இதெல்லாம் சும்மான்னு வெளியில வாய் கிழியப் பேசுவேன். கல்லாவுல உக்காந்துட்டா மட்டும் 'இல்ல'ங்கிற வார்த்தை வாயில வராது.

"சாமை தரட்டுங்களா? புது சரக்கு"ன்னு கேட்டுப் பார்த்தேன். "தேனுக்குத்தான் வந்தேன். வேற கடையில பார்க்கிறேன்"னு சொல்லிக்கினே படி இறங்கிட்டாரு. வெள்ளிக்கிழமை அதுவுமா போணி வெறுங்கையோட போவுதே! "இருங்க இருங்க"ன்னு ஓடிப்போய், ஒட்டின பெட்டியைப் பிரிச்சு பாட்டிலை எடுத்துக் குடுத்துட்டேன்.

குடுத்தது கூட பெரிய தப்பில்ல. அதுக்கப்புறம் பண்ணேன் பாருங்க, அதான் தப்பு. ஆர்டரை ரத்து பண்ணப் போனா ஆப்ல ஏன்னு காரணம் கேக்கும். சரக்கு இல்லன்னு போட்டா கடைக்குக் கெட்ட பேரு. தேடுறவங்க கண்ணுல படாம நம்ம கடையைக் கீழ தள்ளிடுவாங்க. வாங்குறவங்களே வேணாம்னுட்டாங்கன்னு போட்டா நமக்கு ஒண்ணும் ஆவாது. ஊர்ல எல்லாரும் பண்றதுதானேன்னு அதையே அமுக்கிட்டேன். அமுக்கிட்டு டீ வாங்கி வரச் சொல்லிக் குடிச்சேன். சத்தியமா ஒரு உறுத்தலும் இல்ல.

ஞாயித்துக்கிழமை ஆப்ல என் கடைப் பக்கத்தைத் திறந்து பார்த்தா ஒத்தை ஸ்டார். கீழ தமிழ்லயே எழுதியிருந்தாங்க: "நான் கேன்சல் பண்ணவே இல்லை. இவங்களே பண்ணிட்டு என் மேல போடுறாங்க. ஏமாத்துக் கடை."

எனக்குப் பத்திக்கினு வந்துது. ஏமாத்துக் கடையாமே! ஒரு தேன் பாட்டில் வரலன்னா குடியா முழுகிப் போச்சு? தீபாவளி நெருங்கிற நேரம் வேற, இந்த மாதிரி ஒண்ணு மேல நின்னா எவன் வாங்குவான்? தப்பு என் பக்கம்னு உள்ளுக்குள்ள தெரிஞ்சதாலயோ இன்னாவோ, கோவம் இன்னும் ஜாஸ்தியா வந்துது. உக்காந்து பதில் எழுதினேன். அதுவும் நல்ல தமிழ்ல, கவர்மெண்ட் ஆபீஸ் கணக்கா. "வணக்கம். எங்கள் தரப்பில் எந்தத் தவறும் இல்லை. ரத்து செய்யும்படி தங்களிடமிருந்தே கோரிக்கை வந்துள்ளது. தங்கள் போனைச் சரிபார்த்துக்கொள்ளவும். நன்றி." எழுதிட்டு, எவ்ளோ மரியாதையா எழுதியிருக்கோம்னு நானே இன்னொரு தடவை படிச்சுப் பார்த்துக்கினேன். அந்த 'நன்றி'யை நெனைச்சா இப்பக்கூட என் மேலயே எனக்கு அருவருப்பா இருக்கு.

பதில் போட்டா மட்டும் ஸ்டார் போவாது. அவங்களே எடுத்தாத்தான் போவும். கிழிச்சுப் போட்ட அட்ரஸ் சீட்டுல நம்பர் இருந்துது. அடுத்த நாள் கூப்பிட்டேன். அவங்க கத்தினா இன்னா பேசணும்னு எல்லாம் ரெடி பண்ணி வச்சிருந்தேன்.

"தேன் கடையில இருந்து பேசுறேங்க"ன்னேன்.

"அம்மாடி, நீயா! நானே பேசணும்னு இருந்தேன். தப்பா எழுதிப்புட்டேம்மா. மன்னிச்சுக்க."

எனக்கு ஒண்ணும் புரியல. அந்தம்மா பேச்சு அப்படியே எங்க பேச்சு. எலவனாசூர்கோட்டைப் பக்கமாம். வூட்டுக்காரர் போனப்புறம் கோயம்புத்தூர்ல பையன் வூட்ல இருக்காங்களாம்.

"நாந்தான் எதையோ அமுக்கிட்டேன் போலக்குது"ன்னாங்க. "துட்டு திரும்பின மெசேஜ் பையனுக்குத்தான் வந்துது. நான் வேணாம்னு சொன்னதா அதுல போட்டிருந்துது. இல்லடா, தொடவே இல்லடான்னு அவன்கிட்ட சண்டை போட்டேன். அந்த வீம்புலதான் அப்படி எழுதிட்டேன். அப்புறம் நீ எழுதின பதிலை எடுத்துக் காட்டினான். பாரு, கடைக்காரங்களே சொல்றாங்க, இன்னும் எதுக்கு வாய் பேசுறன்னான். நான் இன்னா சொல்ல முடியும், சொல்லு?"

நான் அந்த அட்ரஸ் சீட்டை மடிச்சு மடிச்சு வச்சுக்கினு இருந்தேன்.

"என் போன்ல இருந்து அந்த ஆப்பையே எடுத்துட்டாம்மா. இனிமே எது வேணும்னாலும் என்கிட்ட கேளு, நீ எதையும் தொடாதன்னுட்டான். பக்கத்து வூட்டு அம்மாகிட்ட கத்துக்கினு மொத மொதல்ல நானா வாங்கினது. ஒரு பொருளாவது யாரையும் கேக்காம வாங்கணும்னு ஒரு ஆசை. சரி வுடு. வயசாயிடுச்சு, கை நிதானமில்ல."

நான்தாங்க ரத்து பண்ணேன்னு சொல்ல வேண்டியது அப்பதான். ஆனா என் வாயில இருந்து வந்தது இன்னா தெரியுமா? "பரவால்லம்மா. அந்த ஸ்டாரை மட்டும் பையன்கிட்ட சொல்லிக் கொஞ்சம் மாத்திடுங்க." சீ, நானெல்லாம் ஒரு மனுஷியா!

சாயந்தரமே மாத்திட்டாங்க. அஞ்சு ஸ்டார். "நல்ல கடை. தப்பு என்னோடது. வயசானதால கை தவறிப்போச்சு. கடைக்காரங்க மன்னிக்கணும்." அதைப் படிச்சதும் சோறு இறங்கல. "அதான் அஞ்சு ஸ்டார் வந்துடுச்சே, எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கினு இருக்க?"ன்னு என் வூட்டுக்காரர் கேட்டாரு. சொன்னேன். கேட்டுட்டு, பாதிச் சோத்தோட எழுந்திரிச்சுப் போய்க் கை கழுவினாரு.

எனக்கு அந்த அஞ்சு ஸ்டாரை எடுத்துடணும் போல இருந்துது. கெட்டதா எழுதினா புகார் பண்ண வழி வச்சிருக்காங்க. என்னைப் பத்தி நல்லதா எழுதிட்டாங்க, எடுங்கன்னு கேக்க எங்க தேடியும் வழி இல்ல.

மறுநாள் திரும்பக் கூப்பிட்டேன். சொல்லியே ஆவணும்னு கடைக் கதவைக்கூட திறக்கல. அந்தம்மா போனைப் பையன்தான் எடுத்தாரு. மூச்சு விடாம சொல்லிட்டேன். "சார், உங்கம்மா எதையும் அமுக்கல. ரத்து பண்ணது நான்தான். பாட்டிலைக் கடைக்கு வந்தவருக்கு வித்துட்டு, அவங்க மேல போட்டுட்டேன். பதில்ல எழுதினதும் பொய்தாங்க."

அவரு சிரிச்சாரு. "அம்மா உங்ககிட்டயும் பொலம்பிட்டாங்களா? வுடுங்கக்கா. அவங்களுக்காக நீங்க ஏன் பழியைத் தூக்கித் தலையில போட்டுக்கிறீங்க?"

"ஐயோ, நெஜமாத்தாங்க சொல்றேன்!"ன்னு கத்திட்டேன்.

"உங்க பக்கம் தப்பில்லன்னு நீங்களே எழுதியிருக்கீங்களேக்கா. உங்களுக்குப் பெரிய மனசு."

அம்மாகிட்ட போனைக் குடுங்கன்னு கெஞ்சினேன். அதுக்குள்ள, "யாருடா போன்ல?"ன்னு அந்தம்மா குரல் கேட்டுது.

"தேன் கடை அக்காம்மா. நீ ஒண்ணும் பண்ணலையாம். அவங்கதான் ரத்து பண்ணாங்களாம்."

அவங்க எங்கிட்டயாச்சும் பையன்கிட்டயாச்சும் சண்டைக்கு வரணும், அன்னிக்கு எழுதின மாதிரி ஏமாத்துக்காரின்னு என்னைத் திட்டணும்னு வேண்டிக்கினு நின்னேன்.

"பாவம்டா, நல்ல பொண்ணு. எனக்காகப் பொய் சொல்லுது"ன்னாங்க.